குளத்தில் தூண்டில்: விராலுக்கு இரை காட்டும் முறை

இடம்பெயர்ந்து வந்த குடும்பத்தின் முதற் கவலை கூரை. இரண்டாவது கவலை சட்டி. நிவாரணமாக அரிசியும் மாவும் பருப்பும் கிடைத்தாலும், பிள்ளைகளின் கோப்பையில் மீன் இருப்பதில்லை. ஆனால் நாம் குடியமர்த்தப்பட்ட இடங்களிற் பல ஏதோவொரு குளத்தின் ஓரத்திலேயே உள்ளன. அந்தக் குளத்திலிருந்து வீட்டுக்குத் தேவையான மீனை, குளத்தையும் ஊர் உறவையும் கெடுக்காமல் எடுப்பது எப்படி என்பதே இந்தப் பாடம்.

இதை நான் புத்தகத்திற் படிக்கவில்லை. 1995 ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்து மக்கள் வெளியேறியபோது நானும் பெற்றோருடன் வெளியேறினேன். அடுத்த ஆண்டு வன்னியில் ஒரு குளத்தின் அருகே கொட்டில் போட்டோம். என் தகப்பனார் செம்மண் தோட்டக்காரர். கிணறும் துலாவும் வெங்காயமும் தெரிந்தவர், குளம் தெரியாதவர். ஒரு நாள் மாலை, எங்களுக்குத் தந்த நுளம்புவலையை நானும் அவருமாக இரண்டு பக்கமும் பிடித்து அலைகரையில் இழுத்தோம். சிவப்பு நிறத்தில் பொடிப்பொடியாக ஒரு கூட்டம் அகப்பட்டது. பெரிய வெற்றி என்று நினைத்தோம். கரை ஏறியபோது ஊரவர் பத்துப் பேர் கோபத்தோடு நின்றார்கள். கைகலப்பு வராமல் தடுத்தவர் அங்கிருந்த ஒரு பெரியவர்.

"தம்பி, நீ அள்ளினது ஒரு சட்டிக் கறி இல்லை. வாற வருசத்து விரால் முழுக்க இதுக்குள்ள கிடக்கு" என்றார். அடுத்த நாள் விடியற்காலை அவரே எங்கள் கொட்டிலுக்கு வந்தார். கையில் இரண்டு மூங்கில் தடி. "வலையை வீட்டில கட்டு, பிள்ளையளை நுளம்பு கடிக்காது. குளத்துக்கு இதைக் கொண்டு வா" என்றார். அவர் சொல்லித் தந்தவற்றோடு பின்னாளில் நான் அறிந்தவற்றையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

1. விராலை அறிந்துகொள்வோம்

எமது குளங்களில் இன்று அதிகமாகப் பிடிபடுவது திலாப்பியா. இது வெளிநாட்டு மீன். 1952 இல் இலங்கைக் குளங்களுக்குக் கொண்டுவரப்பட்டது. பெரும்பாலும் பாசியும் நீர்த்தாவரச் சிதைவும் தின்பதால், சிறிய தூண்டில் முள்ளில் மண்புழுவோ பாண் உருண்டையோ வைத்தால் அகப்படும். அதற்குப் பெரிய வித்தை வேண்டியதில்லை.

விரால் அப்படியல்ல. அது வேட்டையாடும் மீன். தவளை, சிறுமீன், பூச்சி ஆகியவற்றை மறைந்திருந்து பாய்ந்து பிடிக்கும். ஓடித்திரிந்து இரை தேடுவதிலும் பார்க்க, தாமரை, அல்லி இலைகளின் நிழலிலும் விழுந்த மரத்தின் அடியிலும் அசையாமற் காத்திருக்கவே அது விரும்பும்.

விராலின் இன்னொரு இயல்பு தூண்டிற்காரனுக்கு மிகவும் உதவும். அது செவுளால் மட்டும் சுவாசித்து உயிர்வாழ முடியாது. இடைக்கிடை மேலே வந்து காற்றை விழுங்க வேண்டும். அப்போது 'பளக்' என்ற சத்தமும் நீரில் ஒரு வளையமும் தோன்றும். எனவே பொறுமையாக இருந்து பார்ப்பவனுக்கு விரால் தன் இருப்பிடத்தைத் தானே காட்டிக்கொடுக்கும். குளக்கரைக்குப் போனவுடன் தூண்டிலை எறியாதீர்கள். முதற் கால் மணித்தியாலம் இருந்து பாருங்கள். எங்கே வளையம் எழும்புகிறது, எத்தனை முறை எழும்புகிறது என்று எண்ணுங்கள்.

நோயாளிக்கும் பிள்ளை பெற்ற தாய்க்கும் விரால் கறி கொடுப்பது எமது பழைய வழக்கம். தென்கிழக்காசிய நாடுகளிலும் சத்திர சிகிச்சை செய்தவர்களுக்கு இதே மீனைக் கொடுக்கிறார்கள். புண் ஆறுவதற்குத் தேவையான புரதம் அதில் நிறைய உண்டு.

2. வேறு நாட்டு விவசாயிகளிடமிருந்து ஒரு பாடம்

வட அமெரிக்காவின் ஏரிகளில் 'கிராப்பி' என்றொரு மீன் உண்டு. தட்டையான உடல், வெள்ளை, கறுப்பு என இரண்டு இனம். அங்குள்ள கிராமத்துக் குடும்பங்கள் அதை விரும்பிப் பிடித்து உண்கின்றன. அவர்கள் பாவிக்கும் தூண்டிலுக்கு 'ஜிக்' என்று பெயர். முள்ளின் தலையில் ஒரு சிறு ஈயக்குண்டு, அதன் பின்னால் இறகோ மயிரோ கட்டிய வால், அவ்வளவுதான். உயிருள்ள இரை தேவையில்லை. ஈயம் தலையைக் கீழே இழுக்கும். இறகு நீரில் விரிந்தும் ஒடுங்கியும் சிறுமீன் நீந்துவதுபோற் காட்டும்.

அவர்கள் கண்டறிந்த மூன்று உண்மைகள் எமக்கும் பயன்படும்.

முதலாவது, ஆழம். கிராப்பியின் கண் மேல்நோக்கிப் பார்ப்பதற்கு ஏற்றவாறு அமைந்தது. தனக்கு மேலே உள்ள இரைக்கு அது எழும்பி வரும். கீழே உள்ளதைக் கவனிப்பது குறைவு. எனவே இரை மீனுக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். எமது விராலும் நிழலிலிருந்து மேலே பாயும் மீனே.

இரண்டாவது, மெதுவு. வேகமாக இழுத்த இரையை மீன் துரத்தாது. அசைவுக்கும் அசைவுக்கும் இடையே உள்ள ஓய்விலேதான் அது கவ்வும்.

மூன்றாவது, மறைவிடம். கிராப்பி நீரில் மூழ்கிய மரக்கிளைகளைச் சுற்றிக் கூடும். அதனால் அங்குள்ளோர் கிளைகளை வேண்டுமென்றே நீரில் அமிழ்த்தி வைப்பர். இது எமக்கும் புதிதல்ல. நீர்கொழும்பு களப்பில் கண்டல் கிளைகளை நட்டு மீனைச் சேரவைக்கும் முறை நெடுங்காலமாக உள்ளது.

3. தேவையான பொருட்கள்

தடி: பத்துப் பன்னிரண்டு அடி நீளமான, நுனி வளையக்கூடிய மூங்கில். நிழலில் உலர்த்தியெடுத்தால் பாரம் குறையும்.

நூல்: தடித்த தங்கூசி. விராலுக்குப் பல் உண்டு. அது களைக்குள் ஓடிச் சிக்கவும் பார்க்கும். மெல்லிய தங்கூசி அறுந்துவிடும்.

ஜிக்: விராலுக்குரிய பெரிய முள் ஒன்றை எடுங்கள். வளையத்துக்குக் கிட்ட, தண்டில், சிறு ஈயக்குண்டு ஒன்றைக் குறட்டால் நசுக்கிப் பொருத்துங்கள். அதன் பின்னால் சேவலின் கழுத்து இறகு நாலைந்தை வைத்து, உரப்பை நூலால் இறுக்கிச் சுற்றிக் கட்டுங்கள். முடிச்சின்மேல் ஒரு துளி பசை அல்லது நகப்பூச்சு விட்டால் கழராது. இறகு இல்லாவிட்டால், வெள்ளை நிறச் சொப்பிங் பையை மெல்லிய கீலங்களாக வெட்டிக் கட்டலாம். கலங்கல் நீரில் வெள்ளையும் மஞ்சளும் நன்றாகத் தெரியும்.

களை நிறைந்த குளமானால், விறைப்பான தங்கூசித் துண்டு ஒன்றைத் தலையிற் கட்டி, முள்ளின் நுனியை மறைக்குமாறு வளைத்து விடுங்கள். களை வழுகிப் போகும். மீன் கவ்வும்போது துண்டு மடங்கி வழிவிடும்.

றப்பர்த் தவளை: பழைய றப்பர்ச் செருப்பிலிருந்து பெருவிரல் அளவான துண்டை வெட்டி, தவளை உருவத்திற் செதுக்கி, முள்ளிற் கோருங்கள். பின்னால் இரண்டு கீலம் கட்டினால் காலாகும். இது நீரில் மிதக்கும். உயிருள்ள தவளையை இரையாக்குவது ஊர் வழக்கந்தான். ஆனால் வயலில் பூச்சியைத் தின்று எமக்கு உதவுவதும் அதே தவளைதான். விவசாயி அதைக் கொல்லாமல் இருப்பது நல்லது.

ஈயத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய வாகனப் பற்றறியை உடைத்து ஈயம் எடுக்காதீர்கள். அதன் அமிலமும் தூசும் நஞ்சு; பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். சமையற் பாத்திரத்தில் ஈயத்தை உருக்கவே கூடாது. காட்டிலும் வெளியிலும் கிடக்கும் தோட்டா, உலோகத் துண்டு எதையும் எடுக்காதீர்கள். ஈயம் கிடைக்காவிட்டால் சிறு இரும்பு நட் ஒன்றைக் கோர்த்தாற் போதும்.

4. இரை காட்டும் நான்கு முறைகள்

(அ) துளையில் இறக்குதல்

அல்லி இலைகளுக்கிடையே கோப்பை அளவான திறந்த நீர் அங்கங்கே இருக்கும். தங்கூசியைத் தடியின் நீளத்துக்குச் சற்றுக் குறைவாக விட்டு, எறியாமல், ஜிக்கை நேராக அந்தத் துளையில் இறக்குங்கள். நீரில் விழும் சத்தம் கேட்கக்கூடாது. ஒரு முழம் இறங்கியதும் நிறுத்துங்கள். பத்து எண்ணும்வரை அசைக்காதீர்கள். பின் தடியின் நுனியை ஒரு சாண் உயர்த்தி மீண்டும் தாழ்த்துங்கள். மூன்று முறை செய்தும் பயனில்லையேல் அடுத்த துளைக்குப் போங்கள். ஒரே துளையில் அரை மணித்தியாலம் நிற்பது வீண்.

கரையில் நிற்கும் உங்கள் நிழல் துளையில் விழாதிருக்கட்டும். காலைத் தட்டி நடக்காதீர்கள். மண்ணதிர்வு மீனுக்குத் தெரியும்.

(ஆ) எண்ணி இறக்குதல்

களையில்லாத ஆழமான இடத்துக்கு இது ஏற்றது. ஜிக்கை எறிந்ததும் ஒன்று, இரண்டு என எண்ணத் தொடங்குங்கள். எட்டு எண்ணும்போது அது தரையைத் தொட்டால், அடுத்த முறை ஆறில் நிறுத்தி மெதுவாக இழுங்கள். அதில் ஒன்றும் இல்லையேல் நாலில் நிறுத்துங்கள். எந்த எண்ணில் மீன் கவ்வியதோ அதை நினைவில் வையுங்கள். அன்றைக்கு மீன் நிற்கும் ஆழம் அது. அளவுகோல் இல்லாமலே நீரை அளக்கும் முறை இது. பிள்ளைகளும் விரைவிற் பழகுவர்.

(இ) தூக்கி விடுதல்

ஜிக் வேண்டிய ஆழத்துக்கு வந்ததும் தடியை ஒரு முழம் உயர்த்துங்கள். பின் தங்கூசி தொய்யாதவாறு தடியைத் தாழ்த்தி, இரையைத் தானாக விழ விடுங்கள். மூன்று எண்ணுங்கள், மீண்டும் உயர்த்துங்கள். கவனிக்க வேண்டியது கையை அல்ல, தங்கூசியை. பெரும்பாலும் மீன் கவ்வுவது இரை எழும்பும்போதல்ல, விழும்போதுதான். விழவேண்டிய தங்கூசி இடையில் நின்றுபோனால், அல்லது பக்கவாட்டில் நகர்ந்தால், மீன் வாயில் எடுத்துவிட்டது என்பது அடையாளம்.

(ஈ) மேலால் ஓடவிடுதல்

இது றப்பர்த் தவளைக்குரியது. விடியற்காலையிலும் பொழுது சாயும் வேளையிலும் செய்ய வேண்டியது. காற்றுக் குடித்த வளையத்தைக் கண்டால் அதன் தலையிற் போடாதீர்கள். மீன் மிரண்டு ஓடும். இரண்டு பாகம் அப்பால் போட்டு, வளையம் தோன்றிய இடத்துக்கு ஊடாக இழுத்து வாருங்கள். உண்மையான தவளை எப்படிப் போகும்? நாலு தெறிப்பு, பின் ஓய்வு. இலையின்மேல் ஏறி இருக்கும். பின் நீரிற் குதிக்கும். உங்கள் தவளையும் அப்படியே போகட்டும். இலையின் விளிம்பில் ஐந்து எண்ணும்வரை நிறுத்துங்கள். பல வேளை அங்கேதான் பாய்ச்சல் வரும்.

5. கவ்விய பின்

மேலால் ஓடும் தவளையில் விரால் பாயும்போது நீர் வெடித்ததுபோலிருக்கும். பதறி உடனே இழுத்தால் இரை மட்டும் திரும்பி வரும். நானும் தகப்பனாரும் முதல் ஒரு கிழமை முழுவதும் இப்படித்தான் மீனைத் தவறவிட்டோம். பாய்ச்சல் தெரிந்ததும் ஒன்று, இரண்டு என எண்ணி, தங்கூசியில் பாரம் தெரிந்த பின்பே உறுதியாக உயர்த்துங்கள். ஜிக்கில் அப்படிக் காத்திருக்கக் கூடாது. இறகு உணவல்ல என்று மீனுக்கு உடனே தெரிந்துவிடும். தங்கூசி அசைந்தவுடன் உயர்த்த வேண்டும்.

அகப்பட்ட விராலைக் களைக்குள் திரும்பவிடாமல் தலையை மேலே வைத்தே கொண்டு வாருங்கள். கரையில் அது பாம்புபோல் ஊர்ந்து நீருக்குத் திரும்பும். எனவே ஈரச் சாக்கொன்றைத் தயாராக வையுங்கள்.

தற்செயலாகச் சுங்கான் பிடிபட்டால் அதன் பக்க முள்ளைக் கவனியுங்கள். குத்தினால் கடுமையாக வலிக்கும். தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் கையை அமிழ்த்தி வைத்தால் வலி குறையும். வீக்கம் மாறாவிட்டால் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

6. இடமும் காலமும்

ஆவணி, புரட்டாதியில் குளம் வற்றும். அப்போது மீன் துருசுக்கு அண்மையிலுள்ள ஆழமான மடுவில் ஒதுங்கும். எண்ணி இறக்கும் முறையும் தூக்கி விடும் முறையும் இக்காலத்துக்குரியவை. மீன் ஒரேயிடத்தில் நெருங்கி நிற்பதால் எல்லாவற்றையும் எடுத்துவிடும் ஆசை வரும். அந்த மடுவில் எஞ்சுவதுதான் அடுத்த ஆண்டுக்கான விதை. விதைநெல்லைக் குத்திச் சாப்பிடும் விவசாயி உண்டா?

ஐப்பசியில் மழை தொடங்கி நீர் அலைகரைக்கு ஏறியதும், விராலும் ஆழங்குறைந்த புல்வெளிக்கு ஏறும். களையை விலக்கி வட்டமாக இடம் செய்து முட்டையிடும். குஞ்சு பொரித்ததும் சிவந்த கூட்டமாக மேற்பரப்பில் மொய்க்கும். தாய் தகப்பன் கீழே காவல் நிற்கும். இந்த வேளையில் அவை எதன்மீதும் பாயும். பசியால் அல்ல, பிள்ளைகளைக் காக்கவே பாயும். பிடிப்பது மிக எளிது. பிடித்தால் அந்தக் குஞ்சுகள் அனைத்தும் வேறு மீனுக்கு இரை. சிவந்த கூட்டத்தைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு அப்பாற் போங்கள். திலாப்பியாவிலும் இப்படியே: தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காக்கும். வாயிற் குஞ்சோடு பிடிபட்டால் உடனே நீரில் விடுங்கள்.

7. கரையிற் கவனம்

வன்னிக் குளங்களில் முதலை உண்டு. இடுப்பளவு நீரில் இறங்கித் தூண்டில் போடாதீர்கள். பொழுதுபட்ட பின் பிள்ளைகளைத் தனியே அனுப்பாதீர்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை இருக்கும் பக்கம் எவ்வளவு நல்ல மீன் இருந்தாலும் போகக்கூடாது. புதிதாக வந்தவர்கள் ஊரவர் நடக்கும் பாதையிலேயே நடவுங்கள். இடிமுழக்கம் கேட்டால் நீண்ட தடியோடு வெட்டையில் நிற்க வேண்டாம். காலிற் புண் உள்ளவர்கள் சேற்று நீரில் இறங்குவதைத் தவிர்க்க வேண்டும். எலிக்காய்ச்சல் அப்படியே பரவுகிறது.

8. குளம் யாருடையது?

இடம்பெயர்ந்தவர்களுக்கும் முன்பிருந்த ஊரவருக்கும் இடையே மனக்கசப்பு பல இடங்களில் தண்ணீரிலும் மீனிலுமே தொடங்குகிறது. நன்னீர் மீன்பிடிச் சங்கம் உள்ள குளங்களில், சங்கத்தினர் நீருயிரின வளர்ப்பு அதிகாரசபையின் உதவியோடு மீன்குஞ்சு விட்டிருப்பார்கள். அது அவர்களுடைய விதைப்பு. எனவே தூண்டிலைத் தோளில் வைக்குமுன் சங்கத் தலைவரிடம் போய்க் கேளுங்கள். வீட்டுத் தேவைக்குத் தூண்டில் போடுவதை மறுப்பவர் குறைவு. எவ்வளவு, எங்கே, எந்த மாதத்தில் என்பதையும் கேட்டு அதன்படி நில்லுங்கள்.

வலை போட விரும்புவோர் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். கண்ணை இழுத்துப் பிடித்து அளக்கையில் எட்டரை சென்ரிமீற்றருக்குக் குறைந்த செவுள்வலையைக் குளங்களிற் பாவிப்பது தடை. இந்த அளவு சும்மா வைக்கப்பட்டதல்ல. சிறுமீன் தப்பி ஒரு தடவையாவது இனம்பெருக்கவே வைக்கப்பட்டது. 1990 இல் அரசு உள்நாட்டு மீன்பிடிக்கு அளித்துவந்த ஆதரவை நிறுத்தியது; 1994 இலேயே அது மீண்டும் தொடங்கியது. கண்காணிப்பு இல்லாத அந்த இடைவெளியில் சிறுகண் வலைகள் பெருகி, பல குளங்களில் மீன் நலிந்தது. காவல் இல்லாத குளத்துக்கு நேர்வது இதுதான்.

நிறைவாக

நற்செய்தியில் மீன்பிடி என்றால் எமக்கு நினைவுக்கு வருவது வலை. ஆனால் ஓரிடத்தில் மட்டும் தூண்டில் வருகிறது. மத்தேயு நற்செய்தி பதினேழாம் அதிகாரத்தில், கோவில் வரி கேட்டு வந்தவர்களுக்கு இடறலாக இருக்கக்கூடாது என்பதற்காக, ஆண்டவர் பேதுருவைத் தூண்டிலோடு கடலுக்கு அனுப்புகிறார். முதலில் அகப்படும் ஒரு மீன் போதும் என்கிறார். அந்த ஒன்றில் இருவருடைய வரிக்கும் போதுமானது கிடைக்கிறது. தேவைக்கு ஒன்று, அதுவும் அயலவருக்கு இடறலில்லாமல். குளக்கரையில் நாம் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கும் இதுவே.

அந்தப் பெரியவர் இப்போது இல்லை. 1996 இல் அவர் தந்த தடிகளால் எங்கள் வீட்டுக்குக் கிழமையில் இரண்டு மூன்று நாள் மீன் வந்தது. அதைவிடப் பெரிய நன்மை வேறொன்று. எங்களோடு சண்டைக்கு வந்த அதே ஊரவரின் வயலில் அடுத்த காலபோகத்துக்கு என் தகப்பனார் பங்குக்கு விதைத்தார். குளத்தை மதிக்கத் தெரிந்தவனிடம் வயலைக் கொடுக்கலாம் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

குழுவாகக் கலந்துரையாட

1. உங்கள் குளத்தில் விரால் எந்த மாதத்தில் குஞ்சு பொரிக்கிறது? ஊரிலுள்ள மூத்தோரிடம் கேட்டு எழுதுங்கள்.

2. உங்கள் முகாமில் அல்லது குடியிருப்பில் நுளம்புவலை மீன்பிடிக்குப் பாவிக்கப்படுகிறதா? அதை நிறுத்த என்ன செய்யலாம்?

3. மீன்பிடிச் சங்கத்தோடு பேச யார் யார் போவீர்கள்? எதைக் கேட்பீர்கள்? பதிலுக்கு என்ன உதவி செய்வீர்கள்? (குளக்கட்டுத் துப்புரவு, சல்வீனியா அகற்றல், இரவுக் காவல் முதலியன.)

4. அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கொரு ஜிக் செய்து கொண்டு வாருங்கள். ஒரு வாளி நீரில் இறக்கி, யாருடையது மெதுவாகவும் உயிருள்ளதுபோலவும் விழுகிறது என்று பாருங்கள்.